இந்த லைட்டுக்கு சுவிட்ச் கிடையாது

பெரம்பலூர் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டி டூவீலர் வயரிங் கடை வைத்திருக்கிறேன். ஹாரன் அடிக்கவில்லை, செல்ஃப் எடுக்கவில்லை, இண்டிகேட்டர் ஒரு பக்கம்தான் எரிகிறது என்று வருகிறவர்களை நம்பி ஓடுகிற கடை. 2017-க்குப் பிறகு இந்தப் பட்டியலில் புதிதாக ஒரு கோரிக்கை சேர்ந்துகொண்டது. வண்டியில் எந்தக் கோளாறும் இருக்காது. புது வண்டி, நம்பர் பிளேட்டில் பூ வாடியிருக்காது.

"அண்ணே, ஸ்டார்ட் பண்ணினாலே லைட் எரியுது. நிறுத்த வழியே இல்ல. ஒரு சுவிட்ச் போட்டுக் குடுங்க."

"கம்பெனியே அப்படித்தான் தம்பி குடுக்குறான். சட்டம்."

"பட்டப்பகல்ல லைட் எதுக்குண்ணே? எதிர்ல வர்றவன் பூரா கையக் காட்டுறான். தலையாட்டியே கழுத்து வலிக்குது."

எதிரே வருகிற வண்டியில் பகலில் விளக்கு எரிந்தால் ஐந்து விரலையும் விரித்து மூடிக் காட்டுவது நம் சாலைகளின் பழைய வழக்கம். "லைட்டை அணைக்க மறந்துவிட்டாய், பேட்டரி இறங்கிவிடும்" என்று அதற்கு அர்த்தம். முன்பின் தெரியாத ஒருவர் நம் பேட்டரிக்காகக் கவலைப்படும் நல்ல குணம் அது. புது விதி வந்த புதிதில் அந்த நல்ல குணமே பெரிய தொந்தரவாகிப் போனது. இப்போது குறைந்துவிட்டது என்றாலும், உள்ளூர் ரோட்டில் இன்னும் யாராவது ஒரு பெரியவர் கை காட்டத்தான் செய்கிறார்.

சுவிட்ச் வைப்பது எனக்கு ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. ஆனால் செய்வதில்லை. கடையில் நின்றுகொண்டு சொல்ல முடியாத அளவுக்கு அதற்குக் காரணம் நீளம். அதனால் எழுதுகிறேன்.

ஒரே நாளில் இரண்டு விதிகள்

2017 ஏப்ரல் 1 முதல், இந்தியாவில் தயாராகும் இருசக்கர வாகனங்களில் என்ஜின் ஓடும்வரை முகப்பு விளக்கு தானாக எரிய வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதி கொண்டுவந்தது. 'ஆட்டோமேட்டிக் ஹெட்லாம்ப் ஆன்' என்பது அதன் பெயர். எங்கள் தொழிலில் சுருக்கமாக ஏஹெச்ஓ. பகலில் எரிவதற்கென்றே தனியாக 'டிஆர்எல்' விளக்கு வைத்த வண்டிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவற்றில் ஹெட்லைட் அணைந்திருக்கும்போது அந்தச் சின்ன விளக்கு எரியும்.

அந்தத் தேதி பலருக்கு வேறொரு காரணத்துக்காக நினைவிருக்கும். பழைய புகைக் கட்டுப்பாட்டுத் தரமான பிஎஸ்-3 ரக வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் மார்ச் 29 அன்று சொன்னது. மிஞ்சியிருந்த இரண்டு நாளில் ஆயிரக்கணக்கில் தள்ளுபடி அறிவித்து ஷோரூம்கள் வண்டிகளைத் தள்ளிவிட்டன. வாசலில் திருவிழாக் கூட்டம். அன்று முண்டியடித்து வாங்கிய வண்டிகள் இன்றும் என் கடைக்கு வருகின்றன. பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவேன்.

உங்கள் வண்டியின் ஹேண்டில்பாரையே பாருங்கள். பழைய வண்டியானால் வலது கைப்பிடிக்குப் பக்கத்தில் மூன்று நிலைகளில் நகரும் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். ஒரு முனைக்குத் தள்ளினால் எல்லாம் அணையும், நடுவில் பார்க் லைட், மறுமுனையில் ஹெட்லைட். புது வண்டியில் அந்தப் பொத்தானைத் தேடினால் கிடைக்காது. சில மாடல்களில் அது இருந்த இடத்தை வெறும் பிளாஸ்டிக் மூடி அடைத்திருக்கும். இடது பக்கம் ஹை, லோ மாற்றும் டிப்பர் மட்டும் அப்படியே இருக்கும். ஓட்டுபவர் கையில் விடப்பட்ட முடிவு அது ஒன்றுதான்.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான். தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயமானது. இன்றும் டேங்க் மேல் ஒன்று, முழங்கையில் ஒன்று என்று ஹெல்மெட்டுகள் ஊர்வலம் போகின்றன. போலீஸ் நிற்கிற இடத்துக்கு நூறு அடி முன்னால்தான் அவை தலைக்கு ஏறும். ஹெல்மெட் சட்டம் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு ஆளிடமும் புதிதாக ஜெயிக்க வேண்டியிருக்கிறது. ஏஹெச்ஓ விதி தொழிற்சாலையிலேயே வயருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மறதி, சோம்பல், வீம்பு எதுவும் அதன் பக்கத்தில் வர முடியாது. அபராதச் சீட்டும் வேண்டியதில்லை. அதை மீற வேண்டுமானால் ஒரே ஒரு ஆளின் உதவி வேண்டும். வயரை வெட்டத் தெரிந்த என்னைப் போன்ற எலக்ட்ரீசியன்.

கண் போடும் தப்புக் கணக்கு

விளக்கு எதற்கு என்று கேட்பவர்கள் எல்லாரும் நினைத்துக்கொள்வது, "எனக்குத்தான் ரோடு நன்றாகத் தெரிகிறதே" என்று. பகல் விளக்கு ரோட்டைப் பார்ப்பதற்காக வைத்தது இல்லை. எதிரே வருகிறவர் உங்களைப் பார்ப்பதற்காக வைத்தது.

நான்கு வழிச்சாலையில் நடுத்தடுப்புக்கு இடையே விட்டிருக்கும் இடைவெளியில் ஒரு கார் வலதுபக்கம் திரும்பக் காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரில் ஒரு லாரியும் பைக்கும் வருகின்றன, ஒரே தூரம், ஒரே வேகம். லாரிக்கு அந்த டிரைவர் வழி விடுவார். பைக் மட்டும் தனியாக வந்தால் "போய்விடலாம்" என்று எடுத்துவிடுவார். காரணம் அலட்சியம் மட்டும் இல்லை. ஒரே வேகத்தில் வந்தாலும் பெரிய பொருள் சீக்கிரம் வந்து சேரும், சின்னப் பொருள் மெதுவாக வரும் என்று நம் கண் தப்பாகக் கணக்குப் போடுவதை ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். முன்பக்கம் இருந்து பார்த்தால் பைக் என்பது ஒரு ஆள் அகலம்தான். காரின் கண்ணாடியைத் தாங்கும் ஓரத் தூணே அதை முழுசாக மறைத்துவிடும்.

80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பைக் ஒரு வினாடியில் 22 மீட்டர் கடக்கிறது. டிரைவர் இடப்பக்கம் ஒரு பார்வை, வலப்பக்கம் ஒரு பார்வை பார்த்து முடிப்பதற்குள் 50 மீட்டர் போய்விடும். அந்த ஒரு பார்வையில் கண்ணில் பட்டால் உண்டு.

நம் வெயிலில் எல்லாமே பளிச்சென்று தெரியும் என்பதும் பாதி உண்மைதான். பழைய சாலைகளில் இன்னும் மிச்சமிருக்கும் புளியமரங்களை நினைத்துப் பாருங்கள். சுள்ளென்ற வெயிலில் ஓட்டிவந்த கண்ணுக்கு, மர நிழலுக்குள் இருக்கும் கறுப்பு பைக், கறுப்பு ஹெல்மெட், கறுப்புச் சட்டை எதுவும் தெரியாது. வெயில் உறைக்க உறைக்க நிழல் இன்னும் கறுப்பாகும். மதிய வேளையில் தார் ரோட்டின் மேல் கானல் நெளியும்போது தூரத்து பைக் கரைந்துபோகும். சென்னையிலிருந்து பெங்களூரு பக்கம் சாயங்காலம் ஓட்டியவர்களைக் கேளுங்கள், சூரியன் நேராக முகத்தில் அடிக்கும்போது எதிரே வருவது எல்லாம் ஒரே நிழலுருவம்தான். இந்த மூன்று இடத்திலும் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி, 'இங்கே ஏதோ வருகிறது' என்று மூளையைத் தட்டிவிடும்.

அதற்கு மேல் அந்தப் புள்ளியிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஒற்றை விளக்கை வைத்துத் தூரத்தையும் வேகத்தையும் சரியாக அளக்க முடியாது. பார்க்க வைப்பது மட்டும்தான் விளக்கின் வேலை.

அரசியல்வாதிகள் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள். கான்வாயில் போகிற கார்கள் பட்டப்பகலில் விளக்கு எரிய வருவதை எல்லாரும் பார்த்திருப்போம். எதிரில் வருகிறவன் தூரத்திலேயே பார்த்து ஒதுங்க வேண்டும் என்பதற்காகத்தான். பைக்கில் போகிற சாமானியனுக்கு அந்த வசதி 2017-ல்தான் கிடைத்தது.

பனி நாட்டிலிருந்து சிரம்பான் வரை

இந்த யோசனை முதலில் வெளிச்சம் குறைவான நாடுகளில் சட்டமானது. பின்லாந்து 1972-ல் குளிர்காலத்தில், ஊருக்கு வெளியே உள்ள சாலைகளில் எல்லா வண்டிகளும் பகலிலும் விளக்கு போட வேண்டும் என்றது. 1982-ல் அது ஆண்டு முழுவதற்கும் ஆனது. 1997-ல் ஊருக்குள்ளும் வந்தது. ஸ்வீடன் 1977 அக்டோபரில் இருந்து எல்லாச் சாலையிலும் எல்லா நாளும் என்று ஒரே அடியாகக் கட்டாயமாக்கியது. கனடா, 1989 டிசம்பர் 1-க்குப் பிறகு தயாராகும் கார்களில் பகல் விளக்கு தானாகவே எரிய வேண்டும் என்று தயாரிப்பாளர் தலையில் பொறுப்பை வைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரி முதல் புதிய கார் மாடல்களுக்கு டிஆர்எல் கட்டாயம்.

"அதெல்லாம் பனி நாடு, வெயிலே இல்லாத ஊர்" என்று கடையில் ஒருவர் என்னிடம் வாதாடினார். அவருக்கு நான் சொன்னது கலிஃபோர்னியாவும் மலேசியாவும். இரண்டும் வெயில் ஊர்கள். இரண்டிலும் விதி பைக்குக்குத்தான்.

கலிஃபோர்னியாவில் 1978 ஜனவரி 1 முதல் தயாராகிப் பதிவாகும் மோட்டார்சைக்கிள்களில் என்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் தானாக எரிய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நம் ஏஹெச்ஓ அப்படியே அந்த அச்சுதான். அதே மாநிலத்தில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையில், லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். அறிக்கை 1981-ல் வந்தது. பைக்கும் வேறொரு வண்டியும் மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வேறு வண்டி பைக்கின் பாதையில் குறுக்கே புகுந்ததால் நடந்தவை. "பைக் வந்ததையே பார்க்கவில்லை" என்பதுதான் அதில் திரும்பத் திரும்ப வந்த காரணம். பகலில் விளக்கு போட்ட வண்டிகள் விபத்தில் சிக்குவது குறைவு என்பதையும் அந்த அறிக்கை பதிவு செய்தது.

மலேசியா நமக்கு இன்னும் நெருக்கம். அங்கேயும் சாலை முழுக்கச் சின்ன பைக்குகள், அங்கேயும் சுள்ளென்ற வெயில். 1992-ல் முதலில் பிரசாரம் செய்தார்கள், செப்டம்பரில் சட்டமாக்கினார்கள். பைக்கில் போகிறவர் பகலிலும் விளக்கைப் போட்டாக வேண்டும். நம் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் சிரம்பானிலும் ஷா ஆலமிலும் நடந்த விபத்துகளை எடுத்து ஆராய்ந்தபோது, கண்ணில் படாததால் நடக்கிற வகை பைக் விபத்துகள் சுமார் 29 சதவீதம் குறைந்தது தெரிந்தது. 1996-ல் அந்த ஆய்வு வெளியானது.

பின்வாங்கிய நாடும் உண்டு. ஆஸ்திரியா 2005 நவம்பரில் எல்லா வண்டிகளுக்கும் பகல் விளக்கைக் கட்டாயமாக்கி, 2008 தொடக்கத்தில் அதைக் கைவிட்டது. கார்கள் எல்லாம் விளக்கெரிய ஓடினால் பைக்கும் நடந்துபோகிறவரும் கவனத்திலிருந்து விடுபட்டுப் போவார்கள் என்ற வாதம் அதற்கு ஒரு காரணம். எனக்கு இதில் நமக்கொரு பாடம் தெரிகிறது. எல்லாரும் மைக் பிடித்தால் யார் குரலும் கேட்காது. நம் நாட்டில் கட்டாயத்தை இருசக்கர வாகனத்தோடு நிறுத்தியது சரியான முடிவு. சாலையில் அதிகம் சாகிறவர்கள் யார் என்று பார்த்தாலே இது புரியும். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அதே ஆண்டு தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர் இறந்தார்கள், 64,105 விபத்துகள் நடந்தன. விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம்.

மைலேஜும் பேட்டரியும்

கடைக்கு வருகிறவர்களின் நிஜமான கவலை இந்த இரண்டும்தான்.

முதலில் பேட்டரி. ஏஹெச்ஓ வண்டியில் சாவியைத் திருப்பினால் மட்டும் ஹெட்லைட் எரியாது. என்ஜின் ஓட ஆரம்பித்த பிறகுதான் எரியும். என்ஜின் ஓடும்போது மேக்னட் காயில் மின்சாரம் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கூடுதல் வேலைக்குத் தகுந்த காயிலைத்தான் கம்பெனி போட்டுக் கொடுக்கிறது. பகல் விளக்கால் பேட்டரி இறங்கிய புது வண்டி ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை. பேட்டரி இறங்கி வருகிற வண்டிகளில், வெளியே வாங்கி மாட்டிய நாலு கூடுதல் எல்இடியும் இரட்டை ஹாரனும் இருக்கும்.

அடுத்து மைலேஜ். சாதாரண பைக்கின் ஹாலோஜன் பல்பு 35 வாட். எல்இடி என்றால் அதைவிடக் குறைவு. இந்த இடத்தில் தொழில் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். வண்டியில் அலுமினிய உடம்போடு, வரிவரியாக மடிப்பு வைத்த ஒரு சின்னப் பெட்டி இருக்கும். ஆர்ஆர் யூனிட் என்போம். காயில் கொடுக்கும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி அடக்கி அனுப்புவது அதன் வேலை. நம்மூர் வண்டிகள் பலவற்றில் உள்ள வகை, தேவைக்கு மேல் வரும் மின்சாரத்தைத் திருப்பி ஷார்ட் செய்து சூடாக வெளியேற்றிவிடும். ஓட்டிவந்து நிறுத்திய வண்டியில் அதைத் தொட்டால் கை சுடுவது அதனால்தான். அப்படிப்பட்ட வண்டியில் பகலில் விளக்கை அணைத்தால் மிச்சமாகும் மின்சாரம் பெட்ரோலாக மாறி டேங்குக்குத் திரும்பாது. அந்தப் பெட்டியைத்தான் இன்னும் கொஞ்சம் சூடாக்கும்.

மைலேஜ் வேண்டுமானால் டயரில் காற்றைச் சரியாக வையுங்கள், செயினுக்கு எண்ணெய் விடுங்கள், ஏர் ஃபில்டரை மாற்றுங்கள்.

சுவிட்ச் வைத்தால் உண்மையில் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேறெங்கோ வைத்துக்கொண்டு வந்த வண்டிகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஹெட்லைட்டுக்குப் பின்னால் வயரை வெட்டி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார்கள். ஒரு மழைக்காலம் தாண்டினால் டேப் பசை விட்டுக் கழன்று, முறுக்கிய இடத்தில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். முதலில் விளக்கு மினுக்கும், அப்புறம் சுத்தமாக அணையும். அணைகிற நேரம் பெரும்பாலும் ராத்திரியாகத்தான் இருக்கும், சுவிட்ச் வைத்தவர் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார். கம்பெனி வயரிங்கை வெட்டியதற்கு வாரண்டியும் கிடையாது.

விளக்கைக் கெடுக்கும் வேலைகள்

பகல் விளக்கு நல்லது என்றதும் "அப்போ இன்னும் பவரா ஒண்ணு போட்டா இன்னும் நல்லதுதானே" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. 35 வாட் ஹோல்டரில் 100 வாட் பல்பைச் செருகி, ஹோல்டர் உருகி, நெடி அடிக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஹாலோஜனுக்கென்று செய்த கிண்ணத்தில் மலிவு எல்இடியைத் திணித்தால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் நாலு பக்கமும் சிதறி எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தும். பகலில் உங்களைக் காட்டிக்கொடுத்த விளக்கு ராத்திரியில் அவரைக் குருடாக்கும்.

முன்பெல்லாம் ஹெட்லைட்டின் மேல்பாதியில் கறுப்புப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். பிறகு போக்குவரத்துக் காவலர்கள் வண்டியை நிறுத்திக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதெல்லாம் ஹை பீமைக் குறைக்க மனமில்லாதவர்களுக்காகச் செய்த வைத்தியம். டிப்பர் பொத்தான் உங்கள் இடது கட்டைவிரலுக்கு அடியில்தான் இருக்கிறது. பகலுக்கு லோ பீம் போதும். ஊருக்குள் ராத்திரிக்கும் அதுவே போதும். லோ பீம் சரியாக இருக்கிறதா என்று தெரிய, வீட்டுச் சுவருக்கு எதிரே வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி ஸ்டார்ட் செய்து, மேலே ஆளை உட்கார வைத்துப் பாருங்கள். வெளிச்சத்தின் அடர்த்தியான பகுதி ஹெட்லைட் உயரத்துக்குக் கீழே விழ வேண்டும். மேலே ஏறினால் ஒரு ஸ்குரூ திருப்புகிற வேலைதான்.

கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு இங்கே பகல் விளக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் புதுக் கார்கள் பலவற்றில் முன்னால் டிஆர்எல் பட்டை அழகாக எரிகிறது. அதைப் பார்த்து விளக்கு போட்டாயிற்று என்று நம்பிவிடாதீர்கள். பல கார்களில் டிஆர்எல் எரியும்போது பின்பக்க விளக்கு எரியாது. அந்தி நேரத்திலும் மழையிலும் முன்னால் ஜொலித்துக்கொண்டு பின்னால் இருட்டாகப் போகும் கார்களை நெடுஞ்சாலையில் தினமும் பார்க்கிறேன். பின்னால் வருகிற லாரிக்கு அந்தக் கார் இல்லவே இல்லை. மழை, பனிமூட்டம், பொழுது சாயும் நேரம் மூன்றிலும் சுவிட்சைத் திருப்பி ஹெட்லைட்டையே போடுங்கள்.

என்னைப் போல் கடை வைத்திருக்கும் சக எலக்ட்ரீசியன்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இந்தச் சட்டத்தைக் காப்பாற்ற ரோட்டில் போலீஸ் நிற்பதில்லை. அது நம் கையில் இருக்கிற கட்டிங் பிளையரில் நிற்கிறது. நூறு, இருநூறு ரூபாய்க்கு அந்த வேலையைச் செய்யாதீர்கள். கேட்பவரை உட்கார வைத்துக் காரணத்தைச் சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

2017-க்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்களைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் உங்களுக்குத்தான் விளக்கு இப்போது கூடுதலாகத் தேவை. எதிரில் வருகிற பைக்குகளில் பெரும்பாலானவை விளக்கோடு வருவதைப் பார்த்துப் பழகிய டிரைவரின் கண், விளக்கு இல்லாத பைக்கை இன்னும் எளிதாகத் தவறவிடும். ஆகவே உங்கள் வண்டியை ஒருமுறை நல்ல எலக்ட்ரீசியனிடம் காட்டி, காயிலும் பேட்டரியும் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாங்கும் என்றால் நெடுஞ்சாலை ஏறும்போது லோ பீமில் விளக்கைப் போட்டுக்கொண்டு போங்கள். யாராவது கை காட்டினால் காட்டட்டும். அவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.